கணக்கு மாஸ்டருக்கு

மாஸ்டர்,

நானும் அவளும் கலியாண நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். தை மாதம் கல்யாணநாள். அம்மா தன் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் ஒருவர் ஒருவராகச் சொல்லி முடித்த பிறகுதான் இதை இங்கே போடுகிறேன். ஆகையால் நீங்கள் ஒருவருக்கும் போன் எடுத்து எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நேரே வந்து சொல்லியிருக்கலாம்தானே என்பீர்கள். என் கதையை ஊரறியச் சொன்னவர் நீங்கள். நானும் ஊரறியவே எழுதுகிறேன். யார் யார் வாசிப்பார்கள் என்று தெரியும். பின்னேரத்துக்குள் வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். அதனால் சில இடங்களில் பெயர் சொல்லமாட்டேன், சிலவற்றைத் தாண்டிப் போவேன். உங்களுக்கு விளங்கும்.

நவம்பர் 15 வந்தால் என் சிநேகிதர்கள் 61.6 என்ற எண்ணைப் போட்டுக் கொண்டாடுவார்கள். 2017இல் அவுஸ்திரேலியா முழுவதும் தபாலில் கேட்டபோது, ஒரே பாலினத்தவர் மணம் செய்யச் சட்டத்தை மாற்றலாம் என்று ‘ஓம்’ போட்டவர்களின் வீதம் அது. என் கண் மற்ற 61.6இல்தான் போய் நிற்கும். எங்கள் பரமட்டாத் தொகுதியில் ‘இல்லை’ போட்டவர்கள் 61.6 வீதம். உங்களிடம் கணக்குப் படித்தவளுக்கு அது முதல் பார்வையிலேயே தட்டுப்பட்டது. நாடு சொன்ன விடையை எங்கள் பகுதி அப்படியே தலைகீழாக எழுதிக் கொடுத்திருந்தது. ‘இல்லை’ வென்ற 17 தொகுதிகளில் 12 எங்கள் மாநிலத்தில், அவற்றில் பெரும்பாலானவை மேற்குச் சிட்னியில். ரயிலில் அரை மணித்தியாலம் கிழக்கே போனால் சிட்னித் தொகுதி, அங்கே ‘ஓம்’ 83.7. நான் வேலை செய்தது அங்கே, நித்திரை கொண்டது இங்கே.

பரமட்டாவில் மிச்சம் நின்ற 38.4 வீதத்துக்குள் நீங்கள் கொண்டுவந்து சேர்த்த வாக்குகளும் இருக்கின்றன. எத்தனை என்று நீங்களே அறியமாட்டீர்கள், ஏனென்றால் ஒருவரிடமும் என்ன போட்டீர்கள் என்று நீங்கள் கேட்டதில்லை. அந்தப் புரட்டாதி முழுவதும் புள்ளிவிவரத் திணைக்களத்தின் கடித உறை எங்கள் சனத்தின் குளிர்சாதனப் பெட்டிகளில் காந்தத்துக்குக் கீழே உடைக்காமல் தொங்கியது. வாக்களிப்பது கட்டாயம் என்று பழகிய நாட்டில் இதற்கு மட்டும் கட்டாயமில்லை என்றதும் பாதிப் பேர் எறியப் பார்த்தார்கள், மற்றப் பாதிப் பேர் தண்டம் வருமோ என்று பயந்தார்கள். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக் குசினி மேசையிலும் இருந்து அந்த ஒரேயொரு கேள்வியைத் தமிழில் வாசித்துக் காட்டினீர்கள். சட்டம் மாறினால் கோயில் ஐயர் கட்டாயம் செய்துவைக்க வேண்டி வரும் என்று ஒரு கதை ஓடியது. எந்த மதகுருவையும் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தாது என்று பொறுமையாக எத்தனை முறை சொன்னீர்கள். 7 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்திலும் அது அப்படியே இருந்தது. தொலைக்காட்சியில் ‘இல்லை’ பக்கத்தார் தாய்மாரை வைத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பயம் காட்டினார்கள். எங்கள் அன்ரிமார் அதை நம்பினார்கள், ஏனென்றால் பிள்ளைகள் கையை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு விமானத்தில் ஏறிய நாளிலிருந்தே இருந்தது. நீங்கள் அவர்களைப் பிற்போக்கு என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் உங்களைக் கும்பிடுவேன்.

ஆனால் வாணி விழா.

மற்றதெல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அதற்கு வரலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நான் பின்பக்கத்து மேசையில் கடலை அள்ளிக் கடதாசிக் கோப்பைகளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி, பேச்சு எப்போது முடியும் என்று பார்க்கிறார்கள். உங்கள் கையில் நாலாக மடித்த தாள். நீங்கள் அதை விரிக்கவேயில்லை.

தொடங்கியது நன்றாகத்தான் இருந்தது. “1956இல தனிச்சிங்களச் சட்டம் கொண்டு வந்தவையளும் பெரும்பான்மை காட்டித்தான் கொண்டு வந்தவை. கொஞ்சப் பேரின்ர உரிமையை மிச்சப் பேர் கையைத் தூக்கித் தீர்மானிக்கிறது எப்பிடியிருக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை” என்றீர்கள். மண்டபம் அசையாமல் இருந்தது. காதுக்குள் பேசிக்கொண்டிருந்த மாமாமார்கூட வாயை மூடினார்கள். மாஸ்டர், அந்த இடத்தில் நீங்கள் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் சனத்துக்கு அதைவிட வலுவான நியாயம் அந்த வருடம் ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரப் பிரசாரக்காரர்களால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது.

நீங்கள் இறங்கவில்லை. “இந்த மண்டபத்திலயும் என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு இருக்கு” என்றீர்கள். சொல்லும்போது உங்கள் கண் கடலைப் பானைப் பக்கம் வந்தது. உங்களுக்கு அது நினைவிருக்காது. பாசத்தோடுதான் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் மண்டபமும் உங்கள் கண் போன வழியே திரும்பிப் பார்த்தது. ஒரு அன்ரி நீட்டிய கோப்பையை நான் நிரப்ப முதலே கையை இழுத்துக்கொண்டா.

அதற்கு முதல், ஆவணி மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து, பெரியவர்களில் முதல் ஆளாக உங்களிடம்தான் சொன்னேன். உங்கள் வீட்டு அன்ரி தேத்தண்ணி ஊத்தித் தந்தா. “நான் என்ன செய்யவேணும், பிள்ளை?” என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அன்றிரவு காரில் அம்மா ஒரேயொரு வார்த்தைதான் கதைத்தா. “கடலைப் பானையை விட்டிட்டு வந்திட்டம்.” அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவற்றை இங்கே எழுதமாட்டேன். அம்மா இதை வாசிப்பா. அவ வந்த தூரம் பெரிது, அதை ஒருவர் முன்னாலும் அளந்து காட்ட எனக்கு விருப்பமில்லை.

இயக்கங்களுக்கும் தலைவர்களுக்கும் ஒரு உதாரணம் தேவைப்படும். சட்டத்தை விளக்குவதைவிட ஒரு முகத்தைக் காட்டினால் சனம் இளகும். அது எனக்கும் தெரியும். அயர்லாந்தில் 2015இல் வாக்கெடுப்பு வென்றதும் பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் வந்து கதைத்ததாலும்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தாங்களாக ஓம் என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்தவர்கள். என்னிடம் நீங்கள் கேட்கவில்லை. பிறகு நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கும் உங்களைக் கூப்பிட்டார்கள், அங்கேயும் போய் “என் மாணவி” என்று தொடங்கினீர்களாம். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தீர்களோ? என் சக ஊழியை ஒருத்தி அங்கே இருந்தாள். வாணி விழாவிலாவது நீங்கள் ஒரு வேகத்தில் சொன்னீர்கள். இரண்டாம் முறைக்கு என்ன சொல்வது? அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது, மாஸ்டர். இறங்கிவிட்டதாக எழுதினால் பொய்.

உங்களுக்கு நடந்ததையும் நான் மறக்கவில்லை. அடுத்த தவணையில் சில வீடுகள் உங்கள் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. உங்களை விலகச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருடமுடிவில் “நீண்டகாலச் சேவைக்குப் பாராட்டு” என்று பொன்னாடை போர்த்தினார்கள், அடுத்த கிழமை மண்டபத்துச் சாவி வேறொருவரின் கையில் இருந்தது. அந்த மண்டபத்தில் நாற்காலி அடுக்கிய நாளிலிருந்து அங்கே நின்றவர் நீங்கள். ‘நான் சொன்னது பிழை’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உங்களை விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. எனக்காக என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சரி என்று நினைத்ததற்காக நின்றீர்கள். அதுதான் எனக்கு உங்களில் பிடித்தது. ஆனால் பொன்னாடைக்கு நான் வரவில்லை, வந்திருந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்த்திருப்பார்கள்.

அன்ரியின் செத்தவீட்டுக்கு வந்தேன். பின்வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டு, உங்கள் பக்கம் வராமல் போய்விட்டேன். அதற்கு மன்னியுங்கள். அதற்கு மட்டும். அவ ஊத்தித் தந்த தேத்தண்ணிக்காகவாவது உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் உங்களைச் சுற்றி நின்றவர்களில் கோப்பையை இழுத்த அந்த அன்ரியும் இருந்தா. அன்றைக்கு என்னால் அவவைக் கடந்து வர முடியவில்லை.

2017 நவம்பர் 15 காலை கன்பராவில் முடிவு வந்ததும், எங்களில் ஒருத்தியான தொழிற்கட்சிச் செனட்டர் பெனி வோங் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை வேலைத்தளத்தில் நின்று பார்த்தேன். மலேசியாவில் பிறந்து இங்கே வளர்ந்தவ. கட்சி எதிர்த்த காலத்தில் தானும் வெளியே அதையே சொல்ல வேண்டியிருந்தவ. அவவின் அந்த வருடங்களை நான் உடனே மன்னித்தேன். உங்களை மன்னிக்க ஏன் இவ்வளவு காலம் என்று எனக்குள் கேட்டிருக்கிறேன். அவ கண் என்னைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் 2017 டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. ஏன் இவ்வளவு நாள் இருந்தாய் என்று பலர் கேட்கிறார்கள். அம்மாவுக்காக என்று சொல்லிவந்தேன், அது பாதி உண்மை. மற்றப் பாதி யாழ்ப்பாணம். 1995இல் நாவற்குழிப் பாலத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது எனக்கு ஆறு வயது. அதே வருடம்தான் கொழும்பில், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைக் கோவையின் 365அ பிரிவைத் திருத்தினார்கள். அதுவரை ஆண்களை மட்டும் குற்றவாளியாக்கியது, அதற்குப் பிறகு பெண்களையும் சேர்த்தது. எங்களை வீட்டை விட்டு நடக்கவைத்த வருடத்தில் எனக்கென்று ஒரு குற்றமும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. 2023 மே மாதம், அந்தப் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அங்கே உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் இன்னும் மாறவில்லை. மாமாவுக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறேன். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிநேகிதிகளின் கலியாணங்களில் பதிவாளர் எழும்பி, திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது என்று சட்டம் சொன்ன வசனத்தை வாசிப்பார். கட்டாயம் வாசிக்கவேண்டும் என்பதால் வாசிப்பார். சேலையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். இப்போது அந்த இடத்தில் ‘இரண்டு பேர்’ என்று வாசிக்கிறார்கள். எங்கள் பதிவாளரிடம் அந்த வரியை அவசரமில்லாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். 18 வயதுக்கு மேற்பட்ட இரண்டு சாட்சிகள் தேவை. ஒருவர் அவளுடைய அக்கா. மற்றவர் நீங்களாக இருக்கவேண்டும் என்று அம்மா சொன்னா. நான் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னா. ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு நானும் சம்மதித்தேன். இந்த முறை முதலிலேயே கேட்கிறேன், நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள். கை நடுங்குகிறது என்று கேள்விப்பட்டேன். கையெழுத்து எப்படி வந்தாலும் பரவாயில்லை, ஆறுதலாகப் போடலாம். காலை பத்து மணிக்கு அண்ணா வந்து ஏற்றுவார். மைக் ஒழுங்கு செய்யவில்லை. யாராவது உங்களை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னாலும் எழும்ப வேண்டாம், மாஸ்டர். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் கதைப்போம்.