தலைப்பில் எலிக்கும் இடம் கொடுங்கள்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தளங்களின் அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் பார்க்கின்சன் நோயாளி ஒருவர் இருக்கிறார். அதனால் நரம்பு நோய்க்குத் தீர்வு என்று எங்கே செய்தி வந்தாலும், யாராவது ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். செல்லுக்குள் வரும் மாசை உணரும் புரதங்களை நரம்பு நோயோடு இணைத்து நீங்கள் எழுதும்போது சில விவரங்களை விட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி, சுருக்கமாக ஏஎச்ஆர். குப்பை எரியும் புகையிலுள்ள டையாக்சினோ சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீனோ செல்லுக்குள் வந்து இதில் ஒட்டினால், இது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடும். மாசுக்காக மட்டும் இது காத்திருப்பதில்லை. உணவிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்துத் தரும் மூலக்கூறுகளும் இதில் ஒட்டும்.

2008-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு முடிவைப் பாருங்கள். சுண்டெலிகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் போன்ற ஒன்றை உண்டாக்கினார்கள். டையாக்சின் கொடுத்த எலிகளில் நோய் அடங்கியது. அதே ஏற்பியில் ஒட்டும் ஃபிக்ஸ் என்ற வேறொரு பொருளைக் கொடுத்தால் நோய் முற்றியது. அளவையும் நேரத்தையும் மாற்றினால் விளைவும் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 'நரம்பு நோயை அடக்கும் டையாக்சின்' என்று அன்று யாராவது தலைப்பு போட்டிருந்தால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டையாக்சின்களில் மிகக் கொடியதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது!

அப்புறம், எந்த விலங்கு என்பது. கினிப்பன்றியைக் கொல்லும் டையாக்சின் அளவைப்போல ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் ஹாம்ஸ்டர் சாகும். சுண்டெலிகளுக்குள்ளேயே சி57பிஎல்/6 வகையின் ஏஎச்ஆர் டையாக்சினை இறுகப் பிடிக்கும். டிபிஏ/2 வகையினுடையது அப்படியில்லை. மனிதரின் ஏஎச்ஆரும் பிடி தளர்ந்ததுதான். சீ. எலிகன்ஸ் புழுவிடம் உள்ள ஏஎச்ஆர் டையாக்சினைப் பிடிப்பதே இல்லை. அங்கே அது நரம்பு செல்கள் உருவாகும் வேலையைப் பார்க்கிறது. அந்தப் புழுவில் கிடைத்த முடிவை வைத்துச் 'சுற்றுச்சூழல் மாசால் மறதி நோய்' என்று எழுதினால் என்ன நியாயம்?

அல்சைமர் ஆய்வுகளுக்குப் பயன்படும் சுண்டெலிகளில் பெரும்பாலானவை மனித மரபணுப் பிழையை உடலில் ஏற்றி வளர்க்கப்பட்டவை. அவை தாமாக மறதி நோய்க்கு ஆளாவதில்லை. இதையும் ஒரு வரி எழுதலாமே.

முட்டைக்கோஸ் வகைக் காய்களை மென்றால் உண்டாகும் இண்டோல்-3-கார்பினால் ஏஎச்ஆரைத் தூண்டக்கூடியது. எனவே 'அல்சைமரை விரட்டும் முட்டைக்கோஸ்' என்றொரு தலைப்பு உங்கள் மேசைக்கு வராமல் போகாது. வரும்போது எந்த விலங்கு, என்ன பொருள், எவ்வளவு, எப்படிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தலைப்பில் இடமில்லாவிட்டால் முதல் பத்தியிலாவது போடுங்கள். ஐந்தாம் பத்திவரை வாட்ஸ்அப்பில் யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்