இணைப்புப் பட்டியலும் எக்ஸ்அரேயும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கணினியின் வேகம் என்றதும் புதுச் சில்லுகளைப் பற்றியே எழுதும் தங்கள் அறிவியல் பக்கம், இயங்குதளத்தின் உள்ளே நடக்கும் திருத்தங்களையும் கவனிக்க வேண்டுகிறேன். என்விஎம்இ (NVMe) எனப்படும் அதிவேகச் சேமிப்பை வலைவழியே வழங்கும் லினக்ஸ் இயக்கி, படிக்கவோ எழுதவோ வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய சேமிப்புப் பகுதியை அதன் எண்ணைக் கொண்டு கண்டுபிடித்தாக வேண்டும். முன்பு, ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் இணைப்புப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றது. அட்டைக் கட்டை மேலிருந்து புரட்டும் எழுத்தரைப் போல. 2020-இல் வெளியான லினக்ஸ் 5.9 பதிப்பில் அந்த இடத்துக்கு, எண்ணைக் கொண்டு கிளைகிளையாகத் தேடும் எக்ஸ்அரே (XArray) என்ற தரவமைப்பு வந்தது. வழக்கமான அமைப்பில் ஒரு கணுவுக்கு (கிளை பிரியும் புள்ளிக்கு) 64 இடங்கள் என்பதால், ஆயிரமாவது பகுதியையும் இரண்டே படிகளில் எட்டிவிடலாம். ஒன்றிரண்டு பகுதிகளே உள்ள இடத்தில் வேறுபாடு தெரியாதுதான். நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் தரவு மையங்களுக்கு இது சிறு விஷயமன்று.

தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்