ஆறும் எண்ணெய் வேகமெடுக்குமா?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு நண்பர் முருகையாவுக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் மூலக்கூறுகளின் நகர்வை ஒரு விநாடிக்குள் அளக்கும் மேசை என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவிதான். நாம் இருவரும் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த காலத்து என்.எம்.ஆர். பெட்டி நினைவிருக்கும். ரேடியோ அலைத் துடிப்பு கொடுத்த 11 மைக்ரோ விநாடியில் ஒரு முறையும் 70 மைக்ரோ விநாடியில் ஒரு முறையும் சமிக்ஞையைப் படித்து, கொழுப்பில் எவ்வளவு உறைந்திருக்கிறது என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடும். உறையாத எண்ணெய் எவ்வாறு நகர்கிறது என்று அது சொன்னதில்லை.

அந்த நகர்வை அளக்கும் வழி பழையதுதான். 1950-இல் இயற்பியலாளர் ஹான் கண்ட எதிரொலியோடு (துடிப்புகளுக்குப் பின் அணுக்கருக்களிலிருந்து மீண்டெழும் சமிக்ஞை) காந்தப்புலச் சரிவுத் துடிப்புகளை, அதாவது இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தைச் சிறிது நேரம் கொடுப்பதைச் சேர்த்து, மூலக்கூறு இடம் மாறிய அளவுக்கு எதிரொலி தேய்வதைக் கணக்கிடும் முறையை ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் 1965-இல் தந்தார்கள். அறை வெப்பத்தில் தண்ணீர் மூலக்கூறு 50 மில்லி விநாடியில் ஏறக்குறைய 15 மைக்ரோமீட்டர் நகர்கிறது. மூலக்கூறுகள் தாமாக நகர்ந்து பரவும் வேகத்தைக் காட்டும் விரவல் கெழுவோ, சமையல் எண்ணெயில் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. சங்கடம் என்னவென்றால், சரிவைப் படிப்படியாகக் கூட்டி அளந்து முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். குளிர்ந்து உறையும் எண்ணெயில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருப்பதில்லை.

புதிய கருவியின் முறையில், மாதிரி எண்ணெய் உள்ள குழாயின் ஒவ்வோர் உயரத்திலும் சரிவின் விளைவு வெவ்வேறாக அமையும்படி செய்து, அத்தனையையும் ஒரே எதிரொலியில் படித்துவிடுகிறார்கள். அடுக்குமாடியின் ஒவ்வொரு மாடியிலும் ஒரே நேரத்தில் ஒரு சோதனை நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு விநாடிக்குள் வேலை முடிகிறது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் வரும் சமிக்ஞை மெலிந்துவிடுகிறது என்பதுதான் இதற்கு நாம் கொடுக்கும் விலை. நீர்த்த கரைசல்களுக்கு இது உதவாது என்பது என் எண்ணம். நிலைக்காந்தம் கொண்ட மேசைக் கருவிக்குத் திரவ ஹீலியம் வேண்டாம் என்பதால், அதை எண்ணெய்க் கலனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.

முதல் நாள் சோதனையில் எனக்கு வியர்த்துவிட்டது. வெப்பம் இறங்க இறங்க எண்ணெயின் நகர்வு கூடிக்கொண்டே போயிற்று. ஆறும் எண்ணெய் வேகமெடுக்குமா? மென்பொருளைக் குறை சொல்லி அரைநாளைக் கழித்த பிறகே, குளிர்காற்று குழாயின் மேற்பகுதியை முதலில் ஆற்றிவிட, கனத்த எண்ணெய் கீழே இறங்கி உள்ளுக்குள் சுழன்றிருப்பது புரிந்தது. கருவி அந்தச் சுழற்சியையும் விரவலாகவே எண்ணிக்கொண்டது. நம் பழைய பெட்டியாக இருந்தால் இதைக் காட்டியே இருக்காது, நாமும் நிம்மதியாக இருந்திருப்போம்.

வியாழக்கிழமை 5 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் குழாயில் மீண்டும் செய்யப்போகிறோம்; குறுகிய குழாயில் சுழற்சி அடங்கும். வரைபடத்தை அனுப்புகிறேன். கோலாலம்பூரிலிருந்து வரும்போது, உங்களிடமுள்ள ஸ்டியரின் (செம்பனை எண்ணெயில் எளிதில் உறையும் பகுதி) மாதிரிகளில் இரண்டைக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
செல்வராஜு