ஐம்பதில் இதயம் இளகுமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. இதய மறுவாழ்வுப் பிரிவை நீயே எடுத்து நடத்தப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். டிரெட்மில் இரண்டு, சைக்கிள் ஒன்று, தொடர்ந்து ஈசிஜி பார்க்க வசதி. ஆரம்பத்துக்கு இது போதும். மிச்சப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்குச் சம்பளமாகக் கொடு.

"இந்த வயசுக்கு மேல ஓடி என்ன ஆகப்போகுது டாக்டர்?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவின் டல்லாஸில் இதய மருத்துவர் பெஞ்சமின் லெவின் செய்துவரும் வேலையைத்தான் படிக்கச் சொல்வேன். 1992 முதல் அங்கே உடற்பயிற்சி, சூழல் மருத்துவத்துக்கான ஆய்வுக்கூடத்தை நடத்துகிறார். (மாரடைப்பு வந்தவரைப் படுக்கவைக்காமல் நாற்காலியில் உட்காரவை என்று 1952-இல் சக மருத்துவர் லவுனோடு சேர்ந்து எழுதிய சாமுவேல் லெவின் வேறு ஆள். வகுப்பில் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள்.)

கதை 1966-இல் அதே ஊரில் தொடங்குகிறது. ஸ்வீடனிலிருந்து வந்த உடலியல் ஆய்வாளர் பெங்ட் சால்டினும் டல்லாஸ் மருத்துவர்களும் இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்ததும் அளந்தால் விஓ2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜன்) நிமிடத்துக்கு 3.3 லிட்டரிலிருந்து 2.4-க்கு இறங்கியிருந்தது. அடுத்த எட்டு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்ததும் 3.9 ஆனது. 1996-இல் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்தார்கள், இந்த முறை லெவினும் குழுவில் உண்டு. முப்பது வருஷத்தில் எடை ஏறி, கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தும் விஓ2 மேக்ஸ் 2.9-இல் நின்றது. மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டை முப்பது வருஷ வயது செய்யவில்லை. ஆஞ்சியோ முடிந்தவரை "நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று வீட்டுக்கு அனுப்பும் சகாக்களுக்கு இந்த எண்களை அச்சடித்துக் கொடு.

எனக்கு இதற்கு அடுத்ததுதான் முக்கியமாகப்படுகிறது. அந்த ஐவருக்கும் ஆறு மாதம் மெதுவாகப் பயிற்சி கொடுத்தார்கள். விஓ2 மேக்ஸ் சுமார் 14 சதவீதம் ஏறி இருபது வயது அளவுக்கே வந்துவிட்டது. ஆனால் ஃபிக் சமன்பாட்டை நினைத்துப் பார்: விஓ2 என்பது கார்டியாக் அவுட்புட்டையும் (இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம்), தமனி-சிரை ஆக்ஸிஜன் வித்தியாசத்தையும் பெருக்கினால் வருவது. ஏறியது முழுக்க இரண்டாவது பாதி. தசை ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்ஸிஜனை உறிஞ்சக் கற்றுக்கொண்டது. இதயம் வெளியேற்றிய உச்ச அளவு கூடவில்லை. வாலிபத்தில் பயிற்சி எடுத்தபோது இரண்டும் கூடியிருந்தன. அப்படியானால் நடுவயது இதயத்தை அசைக்கவே முடியாதா?

இந்தக் கேள்விக்கு எக்கோவில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷனை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) பார்த்துப் பதில் கிடைக்காது. 60 சதவீதம் காட்டும் இதயமும் மக்கிப்போன ரப்பர் பேண்டு மாதிரி விறைத்திருக்கலாம்; சுருங்குவதில் குறை இருக்காது, நிரம்புவதில்தான் சிக்கல். லெவின் கூடத்தில் அளக்கும் முறை வேறு. வலது பக்கம் கதீட்டர் செலுத்தி வெட்ஜ் பிரஷரை, அதாவது இதயத்தின் இடது பக்க அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் படிப்பார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு பெட்டியில் அடைத்து காற்றை உறிஞ்சி, இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைத்து ஒருமுறை. சலைனை வேகமாக ஏற்றி அதிகமாக்கி ஒருமுறை. ஒவ்வொரு கட்டத்திலும் இடது வென்ட்ரிக்கிளின் (உடலுக்கு ரத்தம் தள்ளும் கீழறை) கொள்ளளவை எக்கோவில் எடுப்பார்கள். அழுத்தத்தையும் கொள்ளளவையும் கோடாக வரைந்தால் கோட்டின் செங்குத்துதான் விறைப்பு. கொஞ்சம் ரத்தம் கூடினதும் அழுத்தம் எகிறினால் மாடியேறும்போது அந்த அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பும், மூச்சு வாங்கும்.

இந்த அளவையை வைத்துப் பார்த்ததில், எழுபது வயதையொட்டிய மூத்த விளையாட்டு வீரர்களின் இதயம் வாலிபருடையது போலவே இளகி இருந்தது (2004). சரி, உட்கார்ந்தே இருந்தவர்கள் எழுபதில் தொடங்கினால்? ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தும் திறன் கூடியதே தவிர விறைப்பு அசையவில்லை (2010). வாழ்நாள் முழுக்க எவ்வளவு செய்திருக்க வேண்டும் என்பதை 2014-இல் 102 பேரை வைத்துப் பிரித்தார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் செய்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. நாலைந்து நாள் செய்தவர்களுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாக்கிங்கைப் பெருமையாகச் சொல்லும் ஆட்களிடம் இதை நான் விடாமல் சொல்லுவேன்.

அதன் பிறகுதான் உன் கேள்விக்கு நேரான ஆய்வு, 2018-இல் வந்தது. 45 முதல் 64 வயது வரை, வேறு நோயில்லாத, உட்கார்ந்தே வேலை செய்தவர்கள். இரண்டு வருஷம் முடித்தது 53 பேர். ஒரு பிரிவுக்கு யோகா, சமநிலை, எடைப் பயிற்சி. மறு பிரிவுக்கு வாரம் நாலைந்து நாள் ஏரோபிக். ஏரோபிக் பிரிவில் விஓ2 மேக்ஸ் 18 சதவீதம் ஏறியது. கூடவே இடது வென்ட்ரிக்கிளின் விறைப்பும் இறங்கியது. யோகா பிரிவில் இரண்டும் இல்லை. யோகா வேண்டாம் என்று அர்த்தமில்லை, இந்த ஒரு வேலையை அது செய்யாது. 2021-இல், இதயச் சுவர் தடித்து, ரத்தத்தில் அபாயக் குறியீடுகளும் உயர்ந்த நடுவயதுக்காரர்களிடமும் ஒரு வருஷப் பயிற்சியில் விறைப்பு குறைந்ததாகக் காட்டினார்கள்.

ஆட்கள் குறைவு; எல்லாரும் தாமே முன்வந்தவர்கள்; அளந்தது விறைப்பை, மரணத்தை அல்ல. இதை நோயாளியிடம் சொல்லும்போது மிகைப்படுத்தாதே.

வார அட்டவணையை லெவின் இப்படிச் சொல்கிறார்: ஒரு நாள் ஒரு மணி நேரம், பிடித்த எதையாவது, ஒரு நாள் தீவிர இடைவெளிப் பயிற்சி, இரண்டு மூன்று நாள் அரை மணி நேரம் மிதமாக, அதோடு ஒன்றிரண்டு முறை எடைப் பயிற்சி. மிதம் என்றால் வியர்க்க வேண்டும், ஆனால் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

நார்வேக்காரர்களின் 4×4-தான் அந்த இடைவெளிப் பயிற்சி. பத்து நிமிடம் சூடேற்று, நாலு நிமிடம் உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம், மூன்று நிமிடம் மெதுவாக அசைந்துகொண்டு, இப்படி நாலு சுற்று, ஐந்து நிமிடம் இறக்கம். இதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். துடிப்பு ஏற ஒன்றரை நிமிடமாவது பிடிக்கும். வாட்சில் எண் வரவில்லையே என்று முதல் நிமிடத்தில் வேகத்தைக் கூட்டினால் மூன்றாவது சுற்றில் படுத்துவிடுவார்கள். வேகத்தை நாலாவது சுற்றை வைத்து நிர்ணயி. முடிந்ததும் சட்டென்று நிற்க விடாதே; ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும்.

உச்சத் துடிப்பை அறிய 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு பத்துப் பன்னிரண்டு துடிப்பு தப்பும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது அறவே உதவாது. மாத்திரை போட்டுக்கொண்டே டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, அதில் வந்த உச்சத்தை வைத்துக்கொள். மணிக்கட்டு வாட்ச் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு காலடி எண்ணிக்கையைக் காட்டும், நெஞ்சுப்பட்டையே நல்லது. வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு படிப்படியாக ஏறும், அதைத் திறன் குறைவென்று எடுத்துக்கொள்ளாதே.

ஸ்டென்ட் வைத்தவர்களை உடனே 4×4-இல் ஏற்றாதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறெட்டு வாரம் மிதமாக, அறிகுறி இல்லாமல் போனபிறகு, டெஸ்ட் பார்த்துவிட்டு யோசி.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்கு நன்றாக ஒத்துழைக்கும். தொடர்ந்து இரண்டு நாள் விடாதே என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்சுலினோ, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் என்றால் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்க்கச் சொல், கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

உன் சேர்க்கைப் படிவத்தை அனுப்பு. மருந்துப் பட்டியலுக்குப் பக்கத்தில் "டெஸ்ட் எடுத்தபோது போட்ட மாத்திரை" என்று ஒரு கட்டம் இருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி