குசாமாவின் நியூயார்க் ஆண்டுகளுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் அவருக்கு இத்தனை பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அவருடைய மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பங்கள், புள்ளிகள், ஏல விலை, மனநல மருத்துவமனை என்று பக்கங்கள் ஓடிவிட, அவருடைய அமெரிக்க வாழ்க்கைக்கு 'சில காலம் நியூயார்க்கில் இருந்தார்' என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருக்கிறது. அந்தச் 'சில காலம்' பதினைந்து ஆண்டுகள். 1958 முதல் 1973 வரை. இன்று உலகம் வரிசையில் நின்று பார்க்கிற எல்லாவற்றுக்கும் அடித்தளம் அங்கே போடப்பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

குசாமா 1929இல் மத்சுமோத்தோ நகரில் பிறந்தவர். விதையும் நாற்றும் விற்கும் வசதியான குடும்பம். மகள் படம் வரைவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு நூலில் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, தோக்கியோவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் வரை போய் அவருடைய முகவரியைத் தேடி எடுத்தார். 1955இல், அறிமுகமே இல்லாத அந்தப் பெரிய ஓவியருக்குக் கடிதம் எழுதினார். ஓ'கீஃப் பதிலும் எழுதினார். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. டாலர் நோட்டுகளை உடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, விற்றுப் பிழைக்கப் பட்டுக் கிமோனோக்களையும் தன் ஓவியங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். 1957 நவம்பரில் சியாட்டிலில் இறங்கினார். அடுத்த ஆண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். பழைய கதவு ஒன்றுதான் படுக்கை. கடைக்காரர்கள் வீசியெறிந்த மீன்தலைகளையும் முட்டைக்கோஸ் இலைகளையும் பொறுக்கி வந்து சூப் வைத்தார். குளிரில் உறக்கம் வராத இரவுகளில் எழுந்து வரைந்தார். அப்படி வரைந்தவைதான் 'முடிவற்ற வலைகள்' வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர் போலிருக்கும். கிட்டப் போனால் கரிய அடித்தளத்தின் மேல் வெள்ளைச் சாயத்தில் ஒரு சின்ன வளைவு, அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று. சில இடங்களில் சாயம் தடித்து நிற்கிறது, சில இடங்களில் தேய்ந்து அடியிலுள்ள இருட்டு தெரிகிறது. மையம் என்று ஒன்றும் கிடையாது. தூரிகையை வீசியடித்து வரைவதே நியூயார்க்கில் பெருமையாக இருந்த நாளில், மணிக்கட்டை மட்டும் அசைத்து ஆளை மூழ்கடிக்கும் அளவில் வரைந்தார் இவர். 1959இல் பிராட்டா கேலரியில் ஐந்து வெள்ளை ஓவியங்களை வைத்தார். அப்போது விமர்சகராக இருந்த டொனால்ட் ஜட் பாராட்டி எழுதினார், ஒன்றை வாங்கியும் கொண்டார். ஜட்டிடம் இருந்த ஒரு வலை ஓவியம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கட்டுரையாளர் ஏல விலையை மட்டும் சொன்னார். அந்த முட்டைக்கோஸ் இலையைச் சொல்லவில்லை.

அடுத்தது சிற்பம். கட்டுரையில் இதற்கு இடமே இல்லை. 1962இல் ஒரு பழைய கைவைத்த நாற்காலியை எடுத்து, துணியால் தைத்துப் பஞ்சடைத்த ஆண்குறி வடிவங்களை இருக்கை, முதுகு, கைப்பிடி என்று இடைவெளியே இல்லாமல் பொருத்தி, எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார். 'குவிப்பு எண் 1' என்று பெயர். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடலுறவு குறித்துத் தனக்கு இருந்த அச்சத்தை வெல்லவே அதே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னவர். நம் கட்டுரை 'விசித்திர உருவங்கள்' என்று மழுப்பியிருக்க வேண்டியதில்லை, வாசகர்கள் வளர்ந்தவர்கள்தான்.

நான் தையல் தொழில் செய்கிறவள். அந்த நாற்காலியின் படத்தைப் பார்க்கும்போது என் கண் வேலைக்குத்தான் போகிறது. வளைவாகத் துணி வெட்ட வேண்டும், தைத்துப் புரட்ட வேண்டும், நுனிவரை பஞ்சு போக வேண்டும். குறைந்தால் தொய்யும், கூடினால் தையல் பிரியும். பிறகு பஞ்சு திணித்த வாய்ப்பகுதியைக் கையால் தைத்து மூட வேண்டும். ஒன்றிரண்டு செய்தாலே விரல் நோகும். அவர் செய்தது நாற்காலி, சோபா, துடுப்புப் படகு என்று எண்ணிக்கை தெரியாத அளவுக்கு.

இங்கேதான் கட்டுரை தவறவிட்ட முக்கியமான கண்ணி இருக்கிறது. 1965இல் காஸ்டெல்லேன் கேலரியில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அறையை முதன்முதலாக அமைத்தார். தரையெல்லாம் வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளியிட்ட அதே பஞ்சடைத்த வடிவங்கள். கையால் தைத்து நிரப்ப முடியாத பரப்பைக் கண்ணாடி நிரப்பிக் கொடுத்தது. இன்று செல்போனோடு எல்லோரும் நுழைகிற கண்ணாடி அறைகள் தையல் வேலையின் எல்லையிலிருந்து பிறந்தவை. வலை ஓவியத்தில் வளைவு பெருகியது, நாற்காலியில் துணி பெருகியது, கண்ணாடியில் பிம்பம் பெருகியது. ஒரே யோசனை ஆறேழு ஆண்டுகளில் நடந்த தூரம் இது. இதைச் சொல்லாமல் கண்ணாடி அறையைப் பேசினால் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

அதற்கு முன்பே, 1963 இறுதியில், பஞ்சடைத்த வடிவங்கள் பொருத்திய அந்தத் துடுப்புப் படகை ஓர் அறையில் வைத்து, சுற்றிலும் அதன் கருப்பு வெள்ளைப் படத்தை 999 சுவரொட்டிகளாக ஒட்டினார். பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் வந்து பார்த்தார். 1966இல், ஒரே மாட்டுத்தலையைத் திரும்பத் திரும்ப அச்சிட்ட வார்ஹோலின் சுவர்த்தாள் வந்தது. குசாமா கண்ணாடி அறை வைத்த மறு ஆண்டே லூகாஸ் சமாராஸ் என்ற கலைஞர் ஒரு கண்ணாடி அறை வைத்தார். துணிச் சிற்பத்துக்குப் பேர் வாங்கியவர் கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி. எல்லோரும் தன்னைப் பார்த்துச் செய்தார்கள் என்பது குசாமாவின் குற்றச்சாட்டு. அதை முழுக்க ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒரே யோசனை வரலாம். ஆனால் பாடப் புத்தகத்தில் அந்த ஆண்களின் பெயர் ஏறியது, இவர் பெயர் பல ஆண்டுகள் காணாமல் போனது. வெளிநாட்டவர், பெண், கையில் காசில்லாதவர் என்ற மூன்றும் அதில் வேலை செய்தன என்றே நினைக்கிறேன்.

1966இல், இத்தாலியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயில் அதிகாரபூர்வ அழைப்பு இல்லாமலே புல்வெளியில் 1,500 வெள்ளிநிறப் பந்துகளைப் பரப்பி, பொன்னிறக் கிமோனோவில் நின்று, ஒன்று 1,200 லீரா என்று விற்றார். நிர்வாகம் விற்பனையை நிறுத்தியது. அதே வெனிஸுக்கு 1993இல் ஜப்பானின் அதிகாரபூர்வக் கலைஞராகப் போனார். நடுவில் 1973இல் உடல்நலம் கெட்டுத் தாய்நாடு திரும்பியதும், 1977இல் தானாகவே மருத்துவமனையில் தங்கிவிட்டதும் உங்கள் கட்டுரையில் விரிவாகவே இருக்கின்றன.

'நோய்தான் அவரை வரைய வைத்தது' என்ற வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சிறுவயதிலிருந்தே மாயக்காட்சிகள் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார், உண்மை. ஆனால் தூதரகத்தில் முகவரி தேடியதும், கேலரி கேலரியாக ஏறி இறங்கியதும், ஊசியும் நூலுமாக உட்கார்ந்ததும் நோய் செய்த வேலை அல்ல.

அடுத்த இதழில் இடம் இருந்தால், 1959ஆம் ஆண்டின் வலை ஓவியம் ஒன்றையும் அந்த நாற்காலியையும் வண்ணத்தில் பெரிதாக வெளியிடுங்கள். ஓவியத்தின் ஒரு மூலையைத் தனியாகப் பெரிதாக்கியும் போடுங்கள். அந்த வளைவுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூசணிக்காய் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.