தப்பால் பையின் சாவியும் லயத்து வைஃபையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சின்னக் கடைவீதியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம் என்று எல்லாம் உண்டு. 2020இல் கொரோனா வந்து பாடமெல்லாம் போனுக்கு மாறியபோது, கடைக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் உள்ள பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி நின்றார்கள். பார்க்கச் சகிக்காமல் ஒரு ரவுட்டரை வாங்கி அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சம் காசு போட்டு மாத டேட்டாவை அடைக்கிறோம். இன்றைக்கு அதில் 28 போன்கள் ஓடுகின்றன.

போன மாதம் ஒரு சாயந்தரம், கடை பூட்டப் போகிற நேரத்தில் அந்த லயத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"அண்ணே, புள்ள ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனோடதான் கெடக்குது. என்னா பாக்குறான்னு ஒங்க மெஷின்ல தெரியுமாமே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அப்படியெல்லாம் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு தடவை டேட்டா மாதம் முடியுமுன்னே தீர்ந்துபோக, யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க ரவுட்டரின் பதிவேட்டை நானே போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. போட்டேன், நிறுத்த மறந்துவிட்டேன். நாளைக்கு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் திறந்து பார்த்தேன்.

வரிவரியாக இருந்தது. இடப்பக்கம் நேரம், நடுவில் போனின் பெயர், வலப்பக்கம் அது தேடிப்போன தளத்தின் பெயர். பலர் போனுக்குத் தங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒருவர் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு நோயைப் பற்றிய தளத்தில் இருந்திருக்கிறார். இன்னொரு வீட்டில் வெளிநாட்டு வீட்டுவேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியை நான்கு இரவு தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரோ மனைவியை எங்கும் அனுப்பமாட்டேன் என்று என் கடையிலேயே நின்று சொன்னவர். கடன் கொடுக்கும் ஆப் ஒன்றின் பெயர் ஏழெட்டுப் போன்களில் வந்தது. அதற்குமேல் உருட்டிப் பார்க்கக் கை வரவில்லை.

என் அப்பா 1970களில் எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் தபால் கந்தோருக்கு நடந்து போய்ப் பையைச் சுமந்து வருவார். பைக்குப் பூட்டு உண்டு. சாவி தபால் கந்தோரில் ஒன்று, தோட்டக் கந்தோரில் ஒன்று. சுமக்கிற அப்பாவிடம் சாவி கிடையாது. ஆனால் கந்தோரில் பையைத் திறந்து கடிதங்களைக் கையில் கொடுத்த பிறகு, லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். அப்போது உறைகள் கண்ணில் படும். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டியிருந்த காலம் அது. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தின் உறை ஒரு வீட்டுக்கு வந்தால், அந்தக் குடும்பம் தலைமன்னார் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது என்று அப்பாவுக்கு விளங்கிவிடும். உறையைப் பிரிக்கத் தேவையே இல்லை. பக்கத்து வீட்டுக்கும் தெரியாத சங்கதி, தப்பால்காரனுக்குத் தெரியும். அம்மா எத்தனை தடவை கேட்டும் அப்பா வாய் திறந்ததில்லை. அதற்காக வீட்டில் சண்டைகூட நடந்திருக்கிறது.

என் ரவுட்டர் காட்டுவதும் உறையைத்தான். இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டிய பையில் வருவதால், உள்ளே என்ன படித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தளத்தைத் திறக்குமுன் போன் அதன் பெயரைச் சொல்லி, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறது. டிஎன்எஸ் என்ற இந்த ஏற்பாடு 1983இல் வந்தது. கேள்வியை மறைக்கும் வழி அன்று அதில் வைக்கப்படவில்லை. போஸ்ட்காட்டில் எழுதிய மாதிரி, போகிற வழியில் உள்ள எல்லோரும் வாசிக்கலாம். அந்தக் கேள்வியையும் பூட்டி அனுப்பும் முறைகள் 2016இலும் 2018இலும்தான் தரமாக வெளிவந்தன. இதெல்லாம் பதுளைக் கம்பஸில் படிக்கும் என் மருமகன் இரண்டு மணி நேரம் போனில் விளக்கியது. பில் என்னுடையது.

தோட்டத்துக்கே ஒரு முகவரி, லயத்துக்கு இலக்கம் இல்லை என்று எவ்வளவு காலமாகக் குறைப்படுகிறோம்! இணையத்தில் அது ஒரு மறைவு. 28 போன்களும் வெளியே ஒரே முகவரியில்தான் தெரிகின்றன. ஆனால் லயத்தில் எந்தக் காம்பரா வீட்டுக்கு எது போனது என்று ரவுட்டருக்குத் தெரியும். ரவுட்டரின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் தெரியும். டியூஷன் வகுப்பு, போர்டிங், சலூன், ஹோட்டல் என்று இன்றைக்கு எல்லா இடத்திலும் வைஃபை இருக்கிறது. பெட்டிக்கு அடியில் ஒட்டிவந்த பாஸ்வேர்டை மாற்றாமலே பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். நானும் போன மாதம் வரைக்கும் அப்படித்தான்.

விபிஎன் போட்டால், அதாவது எல்லாவற்றையும் பூட்டி வேறொருவரின் கணினி வழியாக அனுப்பும் ஆப்பைப் போட்டால், சரி என்பார்கள் பொடியன்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகன கலவரத்தையொட்டி பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது பழகியது. இலவச விபிஎன் என்பது, அப்பாவின் முதுகிலிருந்த பையை வாங்கி ஊர்பேர் தெரியாத ஒருவன் முதுகில் ஏற்றுவது. அம்மா எவ்வளவு சண்டை போட்டும் வாய் திறக்காத அப்பாவைப் போல அவனும் இருப்பான் என்று யார் சொல்ல முடியும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. என்ன தேவைக்கு எடுத்ததோ அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்பது அதன் சாரம். பெரிய கம்பனிகளை நினைத்து எழுதியிருப்பார்கள். என் பதிவேட்டுக்கு அதை வைத்துப் பார்த்தேன். டேட்டா யார் இழுக்கிறார் என்று பார்ப்பதற்குப் போட்டது. அந்தத் தேவை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. பதிவோ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று இரவே அழித்து நிறுத்தினேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். யார் எவ்வளவு டேட்டா எடுத்தார் என்ற கணக்கு மட்டும் இப்போது நிற்கிறது. தளத்தின் பெயர் எதுவும் பதியப்படுவதில்லை என்று கடைவாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் பத்திரிகையிடம் ஒன்று கேட்கிறேன். போன் செட்டிங்ஸில் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்று ஓர் இடம் இருக்கிறது. 2018க்குப் பிறகு வந்த அன்ட்ரொய்ட் போன்களில் பெரும்பாலும் உண்டு. "தானியங்கி" என்று விட்டால் என் மாதிரிப் பழைய ரவுட்டரில் பூட்டு விழாது. கேள்வியைப் பூட்டி வாங்கும் டிஎன்எஸ் சேவை ஒன்றின் பெயரை நாமே அடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சேவைக்காரருக்கு நம் கேள்விகள் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைப் படத்தோடு, படிப்படியாக, வாரப் பக்கத்தில் ஒரு தடவை போடுங்கள். வெட்டி வாசலில் ஒட்டுகிறேன். சிம் வாங்கும்போது கையெழுத்துப் போடுகிற படிவத்தில் எது எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லியும் எழுதுங்கள். என் கடையில் கையெழுத்துப் போட்ட ஒருவராவது அதை வாசித்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தகப்பன் மறுநாள் வந்தார். "அழிச்சிட்டேன், இனிமே பதியவும் மாட்டேன். புள்ளகிட்டயே கேளுங்க" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், இப்போது எதிர்க்கடையில்தான் ரீலோட் போடுகிறார்.

இதைப் பிரசுரித்தால் என் பெயரையும் கடைவீதியின் பெயரையும் தயவுசெய்து போடவேண்டாம். என்னைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளை யார் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரர்
நுவரெலியா மாவட்டம்