தாழ்வார விளக்கும் திராட்சை வண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் அங் மோ கியோவில் 3ஆம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு திராட்சைக் கொடி வளர்க்கிறேன். நான்கு வருடத்தில் இரண்டே குலை. அதுவும் ஒரே புளிப்பு. ஆனாலும் ஆசை விடவில்லை. போன மாதம் அதன் இலைகள் சல்லடையாகிவிட்டன. சிலவற்றில் நரம்பு மட்டும்தான் மிச்சம். பகலில் எவ்வளவு தேடியும் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை.

செடி விற்கும் கடையில் இலையைக் காட்டினேன். உடனே 18 வெள்ளிக்கு ஒரு மருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். என்ன பூச்சி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து அடித்தேன். வாடை தாங்காமல் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். இலையில் ஓட்டை விழுவது மட்டும் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில், தேனிப் பக்கத்துக் கம்பம் ஊரில் அண்ணனுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. போன் போட்டேன். "கொடியை உலுக்கும்மா, வண்டு கீழ விழும், பொறுக்கிக் கொன்னுடு. கவாத்து பண்ணிக் கொடியை வெட்டிவிடும்போது பழைய பட்டையை உரிச்சுப் போட்டுடு, அதுக்குள்ளதான் முட்டை வைக்கும்" என்றார். சரி என்று உலுக்கினேன். பழுத்த இலைதான் விழுந்தது. அவர் சொன்னது கவாத்துக்குப் பின் துளிர்க்கும் மொட்டைக் கடிக்கும் வண்டு. என் கொடியில் மொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இலைதான் போனது.

அப்புறம் ஒருநாள் இரவு 8 மணிக்கு டார்ச்சோடு போனேன். காப்பிக்கொட்டை அளவில், மேலெல்லாம் சாம்பல் பூசினாற்போல் பூனைமயிரோடு, பழுப்பு வண்டுகள். எண்ணினேன், பதினொன்று! ரோஜா வண்டு என்பது இதுதான். பகலில் மண்ணில் பதுங்கியிருந்து, இருட்டி அரைமணி நேரத்தில் மேலே வந்து மேயும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அடியில் பிடித்துக்கொண்டு தட்டினால் பொத்தென்று விழுகிறது. கிண்ணத்தை அன்றன்றே கவிழ்த்துவிடுகிறேன். டெங்கிக் கொசுவுக்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். தாழ்வார விளக்கு விழும் பக்கத்து இலைகளில் ஓட்டை குறைவு. இருட்டுப் பக்கம்தான் சல்லடை. வெளிச்சம் இந்த வண்டுக்கு ஆகாது. ஹவாயிலும் இதே இனத்து வண்டுக்காக அந்தி சாய்ந்ததும் செடிக்கு விளக்குப் போடச் சொல்கிறார்கள். நானும் பேட்டரி விளக்கு ஒன்றைக் கட்டி, 7 மணிக்குப் போட்டுப் படுக்கப் போகும்போது அணைக்கிறேன். தொட்டி மண்ணைக் கிளறியதில் சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுக்கள் ஏழு கிடைத்தன. இப்போது புதுத் துளிர்கள் முழுசாக இருக்கின்றன.

உங்கள் நாளிதழில் தோட்டக் குறிப்பு வெளியிடும்போது மருந்தின் பெயருக்கு முன்னால் பூச்சியின் படத்தைப் போடுங்கள், முடிந்தால் இரவில் எடுத்த படமாக. என் மருந்து பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகி
அங் மோ கியோ